நுளம்புச் சுருள் எரியாத வீடு

"உனக்குப் பிள்ளை பெரிசா, பூனை பெரிசா?"

2017 ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறிய உறவினர் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இதைக் கேட்டார்கள். மகள் அப்போதுதான் டெங்குக் காய்ச்சலில் இருந்து மீண்டு கண்டி ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தாள். அந்த வருடம் இலங்கை முழுவதும் 1,86,101 பேருக்கு டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வார்ட்டில் கட்டிலுக்குக் கட்டில் நுளம்பு வலை. வலைக்குள்ளே செவ்விளநீரும் ஜீவனியும் கையுமாகத் தாய்மார். இரத்தத்தட்டு எண்ணிக்கையைக் காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு, எண்கள் என்றாலே வயிறு கலங்கிய நாட்கள் அவை. காய்ச்சல் விட்டதும் ஆறுதல்படாதீர்கள், விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாட்கள்தான் ஆபத்தானவை என்று தாதி சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மகள் தேடியது கறுப்பியை. எங்கள் மூன்று பூனைகளில் வயதில் மூத்தவள், கொஞ்சம் இழுப்பு உள்ளவள். மகளின் கால்மாட்டில் சுருண்டு படுத்தவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மாமிக்கு அது பொறுக்கவில்லை. வீட்டின் நான்கு மூலையிலும் பகலிரவாக நுளம்புச் சுருள் எரியவேண்டும், பூனைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை எங்கேயாவது கொண்டுபோய் விடவேண்டும் என்பது அவர் முடிவு. பேத்தியைச் சாவின் வாசல் வரை பார்த்துவிட்டு வந்த ஒரு பாட்டியின் முடிவு. அதில் கோபப்பட எனக்கு எதுவும் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. பூனையைக் காப்பாற்றும் வழியும் பிள்ளையைக் காப்பாற்றும் வழியும் வேறு வேறு என்று அது முதலிலேயே முடிவுகட்டிவிடுகிறது. அப்படி இல்லை என்று அந்த வருடம் எங்கள் வீட்டில் கண்டுகொண்டோம்.

எங்கள் வீடு அம்பிட்டியப் பக்கம், மலைச்சரிவில் இருக்கிறது. பின்னால் ஒரு பலா மரம், அதற்குக் கீழே மூங்கில் புதர், அதற்கும் கீழே அடுத்த வீட்டின் கூரை. கண்டியில் வீடுகள் அப்படித்தான்: ஒருவர் முற்றம் இன்னொருவர் கூரைக்குச் சமம். மழை விழுந்தால் மேல் வீட்டுத் தண்ணீர் நம் வாசலைக் கேட்டுக்கொள்ளாமலே கடந்து போகும். கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய ஐந்நூறு மீற்றர் உயரம். குளிருக்கு நுளம்பு வராது என்று சொன்ன பழைய ஆட்கள் இருந்தார்கள். டெங்கு நுளம்புக்கு இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டை அண்டி வாழும் ஈடிஸ் எஜிப்டியும் மரம், புதர், மூங்கில் என்று பச்சையை அண்டி வாழும் ஈடிஸ் அல்போபிக்டஸும் எங்கள் சரிவில் சேர்ந்தே குடித்தனம் நடத்தின. உடவத்தகலைக் காட்டைத் தலையில் வைத்திருக்கும் ஒரு நகரத்தில் இரண்டாவது வகைக்கு இடப் பஞ்சம் ஏது?

மாமியின் புகை போடும் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1934–35 இல் மலேரியா இந்த நாட்டில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேரைக் கொன்றது. தென்மேற்குப் பருவமழை பொய்த்து ஆறுகள் வற்றி, மணற்படுக்கைக் குழிகளில் தேங்கிய நீரில் அனோபிலிஸ் பெருகிய வருடம் அது. அந்த நுளம்பு இருட்டியபின் கடிப்பது. பொழுதுபடும் நேரத்தில் யன்னலைச் சாத்தி, தணலில் சாம்பிராணியும் வேப்பிலையும் போட்டு வீட்டைப் புகைப்பது என்பது அந்தத் தலைமுறை பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுப்போன அறிவு. கண்டியில் வேப்பமரம் இலேசில் வளராது. வடக்கில் இருந்து வரும் சொந்தக்காரர் காய்ந்த வேப்பிலையைக் கடதாசிப் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். பிறகு டி.டி.டி. வந்தது. 1963 இல் நாடு முழுவதும் பதினேழு மலேரியா நோயாளிகள் மட்டுமே. மறுபடி பெருகி, மறுபடி அடங்கி, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. மலேரியா போய்விட்டது, அந்திப் புகை மட்டும் தங்கிவிட்டது. டெங்கு நுளம்போ பகல்காரி. விடிந்த பின் ஒரு சுற்று, பொழுது சாய்வதற்கு முன் ஒரு சுற்று. மாமி சுருளைப் பற்றவைக்கும் ஏழு மணிக்கு அது பெரும்பாலும் கடித்து முடித்துக் கட்டிலுக்குக் கீழேயும் உடுப்பு அலுமாரிக்குள்ளேயும் போய் உட்கார்ந்திருக்கும்.

சுருளைப் பற்றி நான் வாசித்தவற்றில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒன்று. சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. மூடிய அறையில், காய்ச்சலில் இருந்து எழும்பிய பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே. மேலே கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு இப்படி என்றால், தரையோடு தரையாக, சுருள் எரியும் மட்டத்திலேயே மூச்சு விடும் இழுப்புக்காரப் பூனைக்கு எப்படி இருக்கும்? புகை மண்டிய ஓர் இரவு கறுப்பி கழுத்தை நீட்டி, வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு இருமினாள். அதே இரவு மகளும் இருமினாள். எங்கள் வீட்டு விவாதத்தை முடித்துவைத்தது அந்த இரட்டை இருமல்தான்.

இந்தச் சுருளின் பிறப்பு சுவையான கதை. யப்பானில் உவேயாமா எய்ச்சிரோ என்ற வியாபாரி, பூச்சிகளைக் கொல்லும் ஒரு வகைச் சாமந்திப் பூவின் தூளில் 1890 அளவில் நுளம்புக் குச்சி செய்தார். குச்சி சீக்கிரம் எரிந்து முடிந்துவிட்டது. வட்டமாகச் சுருட்டினால் நெடுநேரம் எரியும் என்ற யோசனையைச் சொன்னது அவருடைய மனைவி யூகி. அந்தப் பூவில் உள்ள பொருளுக்குப் பைரெத்ரின் என்று பெயர். அதைப் பார்த்துத் தொழிற்சாலையில் செய்த உறவுக்காரப் பொருட்கள் பைரெத்ரொயிட்கள். இன்றைய சுருள், மின்சாரத்தில் செருகும் திரவப் போத்தல், தெளிக்கும் ஸ்பிரே, தெருவில் அடிக்கும் புகை, மருந்தூட்டிய நுளம்பு வலை என்று பெரும்பாலானவற்றில் இந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுதான் இருக்கும். மனிதனுக்கும் நாய்க்கும் இவற்றை உடைத்து வெளியேற்றத் தெரியும். பூனைக்கு அது சரியாக முடியாது.

ஏன் முடியாது என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய ஆஸ்பத்திரியில், வரிசையில் காத்திருந்தபோது ஓர் இளம் டொக்டர் எனக்கு விளக்கினார். பூனை இனம் இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த இனம். செடிகொடிகளில் உள்ள நஞ்சுகளை உடைக்க மற்ற விலங்குகளின் ஈரலில் வேலை செய்யும் ஒரு நொதியை உருவாக்கும் மரபணு பூனையிடம் கெட்டுப்போய்க் கிடக்கிறது. அந்த வேலை தேவைப்படாததால் ஈரல் அதை மறந்துவிட்டது போலும். டொக்டர் அப்போது கேட்ட கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது: வீட்டில் பனடோல் எங்கே வைத்திருக்கிறீர்கள்? டெங்குக் காய்ச்சலுக்கு அஸ்பிரின் கூடாது, பனடோல் மட்டும் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் டெங்கு வந்த வீட்டில் கட்டில் பக்கத்து மேசையெங்கும் பனடோல் அட்டைகள். அதில் ஒரு குளிசையே பூனையின் உயிரைப் பறிக்கும். குருதியின் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலையே அது கெடுத்துவிடுகிறது. அன்று மாலையே மேசையில் இருந்த குளிசைகள் மூடியுள்ள தகரப் பெட்டிக்குள் போயின.

இயற்கை எண்ணெய் என்றால் தீங்கில்லை என்று நினைக்கிறவர்கள் அதிகம். தேயிலை மர எண்ணெய், யூக்கலிப்டஸ், கராம்பு, கறுவா, சித்திரநெல்லா, இவை ஒன்றும் பூனைக்கு ஆகாது. காரணம் அதே ஈரல். சித்திரநெல்லாவைப் பூனை இல்லாத வீடுகளில் தாராளமாகப் பாவிக்கட்டும். தெற்கே மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கத்து மானாப் புல்லில் இருந்து வடித்து, உலகச் சந்தையில் சிலோன் என்ற பெயரோடு பேர்போன எண்ணெய் அது. ஆனால் அதைத் துணியில் நனைத்து மூலைக்கு மூலை தொங்கவிடும் வீட்டில், பூனை அந்தத் துணியில் உரசும்; உரசியதை நக்கும். பூனையைப் பொறுத்தவரை ரோமத்தில் பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போனதற்குச் சமம். கற்பூரமும் அப்படித்தான். நாம் நம் தோலில் பூசும் நுளம்பு விரட்டிக் களிம்பைக்கூட, பூசிய கையோடு பூனையைத் தடவக்கூடாது.

பைரெத்ரொயிட் குடும்பத்தில் பெர்மெத்ரின் என்பதுதான் பூனைக்கு எமன். அதே ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் ஒரு பெரியவர் துவாயில் சுற்றிய செம்மஞ்சள் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். துவாய் முழுவதும் ஆடியது. காது, முகத்து ரோமம், கால் விரல் எல்லாம் தனித்தனியே துடித்தன. நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் துளி மருந்தைப் பூனைக்கும் விட்டிருக்கிறார்கள். அளவைக் குறைத்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் நின்ற எல்லோரும் வழிவிட்டோம். பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெதுவெதுப்பான நீரையும் கொண்டு அந்தப் பூனையைக் கழுவினார்கள்; வலிப்பை அடக்க மருந்து ஏற்றினார்கள். அந்தப் பூனை பிழைத்தது. நாய்த் துளி மருந்துப் பொட்டலத்தில் பூனைப் படம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்திருப்பதை அதற்குப் பிறகு நான் கடைகளில் கவனித்துப் பார்ப்பதுண்டு. அந்தப் படம் இன்னும் பெரிதாக இருக்கவேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து இருக்கவேண்டும்.

காற்றில் நஞ்சைக் கலக்க முடியாது என்று ஆனதும் மிஞ்சியது தண்ணீர். ஈடிஸ் தண்ணீரில் பிறக்கிறது; முட்டையில் இருந்து சிறகு முளைக்கும் வரை ஒரு கிழமையில் இருந்து பத்து நாள் வரை எடுக்கிறது. பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் பறக்கும் சாதி அல்ல. எங்களைக் கடிப்பது பெரும்பாலும் எங்கள் சரிவில் பிறந்ததாகவே இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நானும் மகளும் டோர்ச் எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடப் போனோம். இது எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் எதிர்பாராத இடங்களில் எல்லாம் மகள் கண்டுபிடித்தாள். பிரிட்ஜின் பின்பக்கத்துத் தட்டு. கூரைப் பீலியில் பலா இலை அடைத்துத் தேங்கிய நீர். அன்னாசிச் செடியின் இலைக் கக்கம். வெட்டிய மூங்கில் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம். அவற்றை மணலால் நிரப்பினோம். எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டிகளை எதற்காவது உதவும் என்று மாமி கவிழ்த்து வைக்காமல் அடுக்கியிருந்தார். அதில் குடம்பிகள் கொக்கி போல நெளிந்து நெளிந்து கீழே போயின. மாமி அவற்றை வெள்ளைக் கோப்பை ஒன்றில் ஊற்றி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பிறகு சட்டிகளை உடைத்து ரோஜாச் செடிக்கு அடியில் போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

பூனைகளின் தண்ணீர்க் கிண்ணமும் இந்தத் தேடலில் சேர்த்தி. பூனை ஒரே கிண்ணத்தில் குடிக்காது. விறாந்தையில் ஒன்று, குசினியில் ஒன்று, கொல்லைப்புறத்தில் ஒன்று என்று வைப்போம். தண்ணீரை ஊற்றிவிட்டு நிரப்பினால் போதாது. ஈடிஸ் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டவைக்கிறது. காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, மறுபடி நனையும்போது பொரிக்கிறது. ஆகவே விளிம்பைத் தும்பால் உரசித் தேய்க்கவேண்டும். தேங்காய்த் தும்பு இருக்கும் ஊரில் இதற்கு வேறொன்றும் தேவையில்லை. முன்பெல்லாம் தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் அல்லது வாகனத்தின் கழிவெண்ணெய் ஊற்றுவார்கள். பூனை கண்ட தண்ணீரையும் குடிக்கும். குடிக்காவிட்டாலும் காலில் பட்டதை நக்கும். கொட்ட முடியாத சீமெந்துத் தொட்டியில் நாங்கள் கப்பி மீன்கள் விட்டோம். குடம்பி தின்பதில் அவற்றுக்கு நிகர் இல்லை. எங்கள் சின்னப் பூனை சுண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒரு கையை நீருக்குள் விட்டு அளைந்ததில் சில கப்பிகள் போயின. தொட்டியின் மேல் கம்பி வலை போட்ட பின் இரண்டு பக்கமும் சமாதானம்.

நுளம்பின் பெரிய ஊற்று எங்கள் வளவில் இருக்கவில்லை, கீழே இருந்தது. அங்கே ஒரு வீடு பாதி கட்டியபடி நின்றது. மணல் குவியலை மூடிய பொலித்தீன் விரிப்பின் மடிப்புகளிலும், சீமெந்து நனைக்கத் தேக்கிய பீப்பாய்களிலும், ஈரம் காயாத கொங்கிறீட் தட்டிலும் குடம்பிகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. நான் தனியாகப் போய்ச் சொன்னபோது வேலை நடக்கவில்லை. கீழ் வீட்டுச் சிங்கள ஆன்ட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய பேரனும் அந்த வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தவன். 2007 இல் வந்த நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் பற்றி அவர் மேசன் பாஸிடம் எந்த அதட்டலும் இல்லாமல் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. மஹத்தயாவும் வந்து பார்த்தார். பீப்பாய்களுக்கு மூடி வந்தது, விரிப்பு இழுத்துக் கட்டப்பட்டது. எங்கள் வீட்டில் பகலில் கடிபடுவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது அதன் பிறகுதான். நான்கு மூலைச் சுருளால் முடியாத வேலை அது.

வலை விஷயத்தில் பூனையோடு பேச்சுவார்த்தை நடத்தித்தான் ஆகவேண்டும். யன்னலுக்கு அடித்த மெல்லிய நைலோன் வலையைச் சுண்டு ஒரே நாளில் ஏணியாக்கினான். கொஞ்சம் விலை கூடினாலும் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி வலைதான் நகத்துக்குத் தாக்குப்பிடிக்கிறது. கட்டில் வலை வாங்கும்போது மருந்தூட்டாத வெறும் வலையாகக் கேட்டு வாங்கினோம். மருந்தூட்டிய வலை காய்ந்த நிலையில் பூனைக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாது என்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் வலையை வாயில் கவ்வி இழுப்பவன் ஒருவன் இருக்கும்போது அந்தப் பரீட்சை தேவையில்லை. கறுப்பி மகளோடு வலைக்குள்ளேயே படுத்தாள். அது அவளுக்கும் நல்லதே: நுளம்பு பூனையின் மூக்கிலும் காதிலும் கடிக்கும், நாய் பூனைகளுக்குப் புழு நோய்களைக் கடத்தும். டெங்கு மட்டும் பூனையால் பரவுவதில்லை. நோயுள்ள மனிதரைக் கடித்த நுளம்பு ஒரு கிழமைக்கு மேல் கழித்து இன்னொருவரைக் கடிக்கும்போதே தொற்றுகிறது. காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் வைக்கச் சொல்வது இதனால்தான்.

மின்விசிறியை நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன். நுளம்பு வலுவாகப் பறக்கத் தெரியாத பூச்சி. மேசை விசிறியின் காற்றை எதிர்த்துக் காலில் வந்து உட்கார அதனால் முடியாது. நம் மூச்சின் வாசனையைப் பிடித்துத்தான் அது நம்மைத் தேடி வருகிறது. அந்த வாசனையையும் விசிறி கலைத்துவிடுகிறது. படிக்கும் மேசைக்குக் கீழே ஒரு சின்ன விசிறி, மகளுக்கு நீளக் காற்சட்டை, முழங்கைக்கு மேல் மட்டும் களிம்பு, பூசிய பின் கை கழுவுதல். மாமிக்கு மின்சார ரக்கட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். டப் என்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முகத்தில் வரும் திருப்தி எந்தச் சுருளாலும் வந்ததில்லை.

நோயாளி இருந்த வீட்டைச் சுற்றி சுகாதாரப் பகுதியினர் புகை அடிக்க வருவார்கள். அதை நான் எதிர்ப்பதில்லை. பறந்து திரியும் நோய்க்கார நுளம்பைக் கொல்ல அந்த நேரத்தில் அது வேண்டும்; தண்ணீருக்குள் இருக்கும் குடம்பிக்கு அது ஒன்றும் செய்யாது. இப்போதெல்லாம் புகை வண்டி எங்கள் பாதைக்குத் திரும்பியதும் கீழ் வீட்டு ஆன்ட்டி தொலைபேசியில் கூப்பிடுவார். மூன்று பூனைகளையும் உள் அறையில் விட்டு, கதவடியில் ஈரத் துவாயைத் திணிப்போம். பூனைக் கிண்ணங்களையும் சாப்பாட்டையும் உள்ளே எடுத்து, கப்பித் தொட்டியைப் பலகையால் மூடுவோம். புகை அடங்கிய பின் யன்னல்களைத் திறந்துவிட்டு, விறாந்தையையும் பூனைகள் படுக்கும் மதிலையும் சவர்க்கார நீரால் கழுவுவது மாமியின் பங்கு. அது காயும் வரை யாரும் அந்த அறைக் கதவில் கை வைக்க அவர் விடமாட்டார்.